மாமன் வீட்டுக் கதவு

அத்தியாயம் 9

செவ்வாய்க்கிழமை எகும்போவில் கடலுக்கு ஓய்வு. ஒரு படகும் இறங்காது. வலைகள் மணலில் காய்ந்து கிடக்கும். ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அதனால் ஊரின் பெரும்பாலான சண்டைகளும் சமாதானங்களும் அன்றுதான் நடக்கும்.

எஜிர் மாமா வைத்த கெடுவும் இந்தச் செவ்வாயோடு முடிகிறது. சூரியன் மறைவதற்குள்.

எகுவாவும் அவள் கணவன் செலோமும் இங்கே இரண்டு இரவுகள் தங்கத்தான் வந்தார்கள். முதுகில் ஆளுக்கொரு பை. செலோமின் ஊரான கேட்டாவில் கிளம்பி, கிடைத்த வண்டியில் ஏறி, கிடைத்த இடத்தில் தூங்கி, கரையைப் பிடித்தபடியே மேற்கே வந்தவர்கள், கடைசியில் எகுவாவின் அம்மா அராபா நடத்தும் விடுதியில் வந்து இறங்கினார்கள். ஆறு அறை, கீற்றுக் கூரை, 'கடல் வற்றாது' என்று நீல எழுத்தில் பலகை. மழை மாதம், வேறு விருந்தாளிகள் யாரும் இல்லை. காலையில் அலை, மாலையில் அலை, நடுவில் அம்மாவின் மீன் குழம்பு. இரண்டு நாள் பதினொரு நாளானது.

எட்டாம் நாள் எஜிர் மாமா கடலிலிருந்து திரும்பினார். அராபாவின் தம்பி, தாய்வழிக் குடும்பத்துக்குத் தலைவர். விடுதி நிற்கிற மணலும் குடும்பத்து மணல்.

"என் கதவை யாரும் தட்டலையே," என்றார். "அப்புறம் இவ எப்படி இன்னொருத்தன் பொண்டாட்டி?"

அன்றிலிருந்து செலோம் ஆறாம் அறையில், எகுவா அம்மாவின் கட்டிலில். செவ்வாய் மாலைக்குள் பையனின் பெரியவர்கள் முறையாக வந்து கதவைத் தட்டிப் பெண் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். முறை தப்பிய ஓர் ஆள் குடும்பத்துக் கூரையின் கீழே படுத்திருக்கும்போது மாமா படகை இறக்க மாட்டார். அது அவருடைய பயம். நாற்பது வருடம் கடலில் இருந்தவரின் பயத்தோடு யாரும் வாதாட முடியாது.

இன்று காலை செலோமின் தொலைபேசி அடித்தபோது அராபா புளித்த சோளக் கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பேசி முடித்த செலோம் எகுவாவின் பக்கம் திரும்பினான். "பெரியப்பா வந்த பஸ் நின்னுபோச்சு. அக்ராவைத் தாண்டுறதுக்கு முன்னாலேயே. இன்ஜின்ல புகையாம்."

"வேற வண்டி?" என்றாள் எகுவா.

"சாயங்காலம்தான் அனுப்புவாங்களாம். இங்க வந்து சேர நாளைக்கு ஆயிடும்."

அராபா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நானே போய்த் தட்டுறேன்மா," என்றான் செலோம்.

"நல்லா இருக்கும். தனக்குத் தானே பொண்ணு கேட்டு நிக்கிறவனைப் பார்த்து என் தம்பி என்ன சொல்வான் தெரியுமா? உனக்குப் பெத்தவங்க இல்ல, கூடப் பொறந்தவங்க இல்ல, மரத்துல காய்ச்சவன்னு சொல்வான். கஞ்சியைக் குடி தம்பி. ஆறுது."

எகுவா குடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு நடந்தாள்.

எஜிர் மாமா முற்றத்தில் வலை கோத்துக்கொண்டிருந்தார். வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டியிருந்தார். அவள் வந்து நின்றதும் விரல் அசைந்தது, தலை நிமிரவில்லை.

"மாமா, ஒரு நாள் கொடுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"நீ என் அக்கா பொண்ணு. உனக்கு எதுக்கு நாள்? அந்த முதுகுப்பைக்காரன் பேரைச் சொல்லிக் கேளு."

"செலோமுக்கு. அவங்க பெரியப்பா வந்துட்டிருக்காரு. பஸ் கெட்டுப்போச்சு."

"ரெண்டு வருஷமா பஸ் கெட்டுப்போயிருந்ததா?"

எகுவா மணலில் உட்கார்ந்தாள். "அவங்க வந்தாங்க மாமா. அக்ராவுல அப்பாகிட்ட ஜின் பாட்டிலைக் கொடுத்து முறையாத்தான் கேட்டாங்க. அப்பா வாங்கிக்கிட்டாரு."

"உங்க அப்பா எந்தக் குடும்பம்?"

"அவரு அவங்க அம்மா குடும்பம்."

"நீ?"

"நம்ம குடும்பம்."

"பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டு நம்ம வீட்டுக்குள்ள வந்தா அதுக்குப் பேரு என்ன?"

எகுவா மணலை விரலால் கீறினாள்.

"நான் சொல்லல," என்றார் மாமா. "நீதான் நினைச்சே."

"அவங்க ஊர்ல எல்லாம் அப்பா வழி மாமா. அவங்களுக்குத் தெரியாது."

"சரி. உனக்கு?"

ஊசி நின்றது. இப்போதுதான் அவர் அவளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

எகுவாவுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு செலோமின் பெரியப்பா, 'பெண்ணுடைய கதவு எதும்மா, நாங்க எங்க வரணும்' என்று கேட்டார். அவள் அப்போது தங்கியிருந்த இடத்திலிருந்து அப்பா வீட்டுக்கு அரை மணி நேரம். எகும்போவுக்கு ஒரு முழுப் பகல். மாமாவின் கேள்விகள், பேச்சாளர், ஊர், கூட்டம். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். அரை மணி நேரக் கதவைக் காட்டினாள். மூன்று நாளாகச் செலோம் தன் வீட்டார் தெரியாமல் செய்த தவறுக்காகத் தலை குனிந்து நடக்கிறான். அவனிடமும் அவள் சொல்லவில்லை.

"தெரியும்," என்றாள்.

மாமா மறுபடி ஊசியை எடுத்தார். "சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். ஆளுங்க வந்தா வரட்டும்."

"அவன் போனா நானும் போயிடுவேன் மாமா. திரும்பி வரமாட்டேன். அம்மா தனியா இருப்பாங்க."

"அது உன் கால்," என்றார். ஆனால் ஊசி இரண்டு முறை தவறான கண்ணியில் போனது.

விடுதிக்குத் திரும்பியதும் எகுவா எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள், கதவைக் காட்டிய கதையையும் சேர்த்து. அராபா திட்டவில்லை. கை கழுவினாள். பெட்டியைத் திறந்து, துக்கத்துக்கும் இல்லாமல் சமையலுக்கும் இல்லாமல் பெரிய நாட்களுக்காக மட்டும் மடித்து வைத்திருந்த வெள்ளையும் நீலமுமான துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா போறீங்க?"

"குழம்பு அடிபிடிக்காமப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

ஆறாம் அறையில் செலோம் பையைக் கட்டி முடித்திருந்தான். வாசலில் உட்கார்ந்து கரையைப் பார்த்தான். மேற்கே, பாறைகளுக்கு அப்பால், மீன் புகைபோடும் அடுப்புகளிலிருந்து மெல்லிய கோடாகப் புகை எழுந்தது. அங்கே கரைவலைக்காரர்கள் இருக்கிறார்கள். 'அந்தப் பக்கம் போகாதே, அவங்களுக்கும் மாமாவுக்கும் ஆகாது' என்று வந்த முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒரு நாள் காற்று திரும்பியபோது அவர்கள் வலை இழுக்கும் பாட்டு இங்கே வரை வந்தது. அவனுடைய அம்மாவின் மொழி.

அவன் பையை மாட்டிக்கொண்டு எழுந்தான். ஏன் பையோடு போனான் என்று பிறகு கேட்டபோது அவனுக்கே பதில் தெரியவில்லை.

பாறைகளைத் தாண்டியதும் பெண்கள் மீன் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவனை முதலில் பார்த்தாள்.

"அங்க பாருங்கடி, ஒரு ஆம்பிளை பிள்ளையை முதுகுல கட்டிட்டு வர்றான்."

"தலை எதுக்கு இருக்காம்? சுமையைத் தலையில வைக்கக் கூடாதா?"

"சும்மா இரு. பிள்ளை தூங்குது."

அவனுக்குப் புரியாது என்று நினைத்துப் பேசிக்கொண்டார்கள். செலோம் அவர்கள் மொழியிலேயே சொன்னான்: "தூங்கலக்கா. பல்லு முளைச்சிடுச்சு. சட்டையெல்லாம் தின்னுது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் எழுந்த சிரிப்பில் குடிசைக்குள்ளிருந்து ஒரு பெரிய பெண்மணி வெளியே வந்தாள். அப்லாவி. வலையும் படகும் அவளுடையவை. அறுபது பேர் அவள் சொல்லுக்குக் கயிறு இழுப்பார்கள்.

"எந்த ஊரு?"

"கேட்டா."

"கேட்டாவுல எந்தத் தெரு?"

"கடல் கொண்டுபோயிடுச்சும்மா அந்தத் தெருவை."

அவள் முகம் மாறியது. "என்ன குலம்?"

அவன் சொன்னான். அப்லாவி குலத்துக்குரிய வணக்கச் சொல்லைச் சொல்லி நிறுத்தினாள். அதற்கான மறுமொழியைச் சிறு வயதில் அப்பா அவனைத் தினமும் சொல்ல வைத்திருந்தார். அது தடங்கலில்லாமல் வந்தது.

பெண்கள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார்கள்.

"பங்காளிடா நீ," என்றாள் அப்லாவி. "பையை இறக்கு. எத்தனை நாளா இங்க இருக்க? இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான், தன் வீட்டார் சார்பில் வந்து கதவைத் தட்ட முடியுமா என்றும் கேட்டான். எஜிர் என்ற பெயர் வந்ததும் அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னால என் வலை அவன் வலையை அறுத்துடுச்சு. பேசலாம்னு போனேன். மூணு தடவை கூப்பிட்டேன். உள்ள ஆள் இருந்தும் பதிலே வரல. அன்னைலேருந்து அவன் நிழல் விழுற பக்கம் நான் போறதில்ல."

"அப்ப வரமாட்டீங்களா?"

"யாரு சொன்னா? ஆறு வருஷமா அந்தக் கதவுக்குப் போக ஒரு நல்ல காரணம் தேடிட்டிருக்கேன். நீ முதுகுல கட்டி எடுத்துட்டு வந்திருக்க." அவள் கையை நீட்டினாள். "உன் பெரியப்பாவுக்குப் போன் போடு. அவர் வாய்விட்டுச் சொல்லாம நான் உன் வீட்டு மூத்தவளா ஆக முடியாது."

மாலை நான்கு மணிக்கு எகும்போவுக்கு முதலில் கேட்டது இரும்பு மணியின் சத்தம்.

செவ்வாயானதால் ஊரே வீட்டில் இருந்தது. ஊரே வெளியே வந்தது. கரை வழியாக நாற்பது ஐம்பது பேர் வந்தார்கள். பெண்கள் முன்னால், எல்லோருக்கும் ஒரே பச்சைத் துணி. தலையில் புகையிட்ட மீன் அடுக்கிய பேசின்கள். துணி சுற்றிய மூன்று பாட்டில்கள். நடுவில், யாரோ கடன் கொடுத்த வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு செலோம். ஒரு பெண் இரண்டடி முன்னால் ஆடிக்கொண்டே வந்தாள்.

விடுதிச் சமையலறையிலிருந்து எகுவா கரண்டியோடு ஓடிவந்தாள். முன்வாசலுக்குப் போகக் கூடாது, பெண் உள்ளேதான் இருக்க வேண்டும். பின்கதவு வழியாக மாமா வீட்டுக்குள் நுழைந்தாள்.

கூடத்தில் மாமா நாற்காலியில். அவருக்குப் பக்கத்தில், சபையில் அவர் சார்பில் பேசும் பேச்சாளராகத் தையல்காரர் அர்கின். எதிரே, காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்த அராபா.

வெளியே மணி நின்றது.

"அகோ," என்றது ஒரு பெண் குரல். உள்ளே வரலாமா என்று பொருள். 'அமே' என்று உள்ளிருந்து பதில் வந்தால் கதவு திறந்தே ஆக வேண்டும்.

மாமா நிமிர்ந்தார். "அந்த வலைக்காரியா?"

"குரல் அப்படித்தான் இருக்கு," என்றார் அர்கின், கூரையைப் பார்த்தபடி.

"அகோ."

"திறக்காதே. வேற யாரு வந்தாலும் திறப்பேன்."

"ஆளுங்க வரணும்னுதான் சொன்னே," என்றாள் அராபா. "எந்த ஆளுங்கன்னு சொல்லல."

"அக்கா, இதுல நீ தலையிடாதே."

"இது யார் வீடு எஜிர்?"

"நம்ம அம்மா வீடு."

"அம்மாவுக்கு மூத்தது யாரு?"

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அர்கின் இப்போது தரையைப் பார்த்தார். அராபா தம்பியை எதிர்த்து ஒரு சொல் பேசி எகுவா கேட்டதில்லை. கணவன் அக்ராவுக்குப் போய்த் திரும்பாதபோதும், விடுதியைக் கட்ட இடம் கேட்டபோதும், எப்போதும் தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான் அம்மா பேசுவாள்.

மூன்றாவது முறை குரல் வந்தது. முன்னதைவிட மெதுவாக. "அகோ."

"அமே," என்றாள் அராபா.

சத்தமாகக்கூட இல்லை. ஆனால் வெளியே நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. மணி வெறிபிடித்ததுபோல அடித்தது. அர்கின் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். போகும் வழியில், பழக்கத்தால், அராபாவின் துணி மடிப்பைப் பார்த்துச் சரியென்று தலையசைத்துவிட்டுப் போனார்.

கூடம் நிறைந்து முற்றத்தில் வழிந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். அர்கின் தொண்டையைக் கனைத்தார்.

"இந்தப் பக்கம் வராதவங்க வந்திருக்கீங்க. காத்து தள்ளிச்சா, கால் தள்ளிச்சா?"

"எங்க பையன் ஒரு படகைப் பார்த்தான்," என்றாள் அப்லாவி. "அழகான படகு. யாருதுன்னு விசாரிச்சான். தப்பான கரையில விசாரிச்சுட்டான். இன்னைக்குச் சரியான கரைக்கு வந்திருக்கோம்."

"ரெண்டு வருஷம் ஓட்டிப் பார்த்துட்டு இப்பத்தான் சொந்தக்காரன் ஞாபகம் வந்துச்சாக்கும்," என்றார் அர்கின்.

முற்றம் சிரித்தது. அப்லாவி சிரிக்காமல் காத்திருந்தாள். "அதுக்குத்தான் மூணு பாட்டில். ரெண்டு பொண்ணு கேக்குறதுக்கு. மூணாவது தப்புக்கு."

மாமா அவளைப் பார்க்காமல் அர்கினிடம் சொன்னார்: "கேளு. பையனுக்கும் இவங்களுக்கும் என்ன உறவு? இல்ல, கரையில பொறுக்கிட்டு வந்தானா?"

"ஒரே குலம்," என்றாள் அப்லாவி. பக்கத்திலிருந்த பெண்ணிடமிருந்து தொலைபேசியை வாங்கி ஒலியைக் கூட்டினாள். லாரி ஹாரன் சத்தம் கூடத்தை நிறைத்தது. அதற்குப் பின்னால் வயதான ஒரு குரல் மாமாவின் மொழியான ஃபான்டேயில் தடுமாறியது.

"கேட்குதுங்களா? நான்தான் பையனோட பெரியப்பா. ரோட்டோரமா நிக்கிறேன். அந்தம்மா என் வாய். அவங்க சொல்றது நான் சொல்றது. அவங்க மேல குத்தம் சொன்னா என் மேல சொன்ன மாதிரி."

மாமா தன் முழங்காலைத் தடவினார். பிறகு, பேச்சாளரை விட்டுவிட்டு, அப்லாவியை நேராகப் பார்த்தார். அர்கினுக்கே அது அதிர்ச்சிதான்.

"அந்த வலை என்னாச்சு?"

"எந்த வலை?"

"என் வலையை அறுத்த வலை."

"அன்னைக்கே எரிச்சுட்டேன்," என்றாள் அப்லாவி. "அதைச் சொல்லத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால வந்து நின்னேன்."

கரைவலை ஒன்றின் விலை என்ன, அதை முடைய எத்தனை மாதம் என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். மாமாவின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்லத் தளர்ந்து இறங்கியது. நாள் முழுக்க இழுத்துப் பிடித்த கயிற்றை விட்டவர் போல இருந்தார்.

"பொண்ணைக் கூப்பிடுங்க," என்றார்.

எகுவா வந்து நடுவில் நின்றாள். கையில் இன்னும் கரண்டி இருந்தது. அம்மா அதை வாங்கிக்கொண்டாள்.

மூன்று முறை கேட்பார்கள். மூன்று முறையும் பெண் சம்மதம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு குடித்ததைத் திருப்பித் தர முடியாது.

"எகுவா," என்றார் மாமா. "இவங்க கொண்டு வந்ததை நாங்க குடிக்கலாமா?"

"குடிக்கலாம் மாமா."

"குடிக்கலாமா?"

"குடிக்கலாம்."

"கடைசியாக் கேக்குறேன். குடிக்கலாமா?"

எகுவா செலோமைப் பார்த்தாள். அந்தப் பச்சைக் கூட்டத்தின் நடுவில் அவன் இன்னும் கொஞ்சம் குனிந்துதான் நின்றான்.

"தப்பான கதவைக் காட்டினது நான்," என்றாள். "அவங்க கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சும் தப்பாக் காட்டினேன். செலோம் மேலயோ அவங்க வீட்டு மேலயோ குத்தம் இல்ல. அந்த மூணாவது பாட்டில் என்னோடது. அதை என்கிட்டேருந்து வாங்கிக்குங்க. அப்ப குடிக்கலாம்."

முற்றத்தில் யாரோ மெல்ல விசிலடித்தார்கள். அவள் செலோமின் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தாள். கொஞ்சம் இருந்தது. "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்," என்று உதட்டை மட்டும் அசைத்தான். ஆனால் மூன்று நாளில் முதல் முறையாக அவன் முதுகு நேரானது.

மாமா மூன்றாவது பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு தன் இரண்டு கைகளாலும் அவளிடமிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

முன்னோருக்குத் தரையில் கொஞ்சம் ஊற்றினார். கோப்பையை நிரப்பினார். மரபுப்படி முதல் கோப்பை அவருடையது. அவர் அதை அப்லாவியிடம் நீட்டினார்.

அதற்குப் பிறகு என்ன சத்தம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மணி, கைத்தட்டல், இரண்டு மொழிப் பாட்டு. பேசின்கள் இறங்கின. அராபாவின் குழம்பு அடிபிடித்திருந்தது. அதையும் கொண்டுவரச் சொன்னார்கள். ஆறு வருடமாக ஒரே கடலில் வணக்கம் சொல்லாத ஆண்கள் ஒரே தட்டிலிருந்து மீனைப் பிய்த்தார்கள். அராபா தன் தம்பியின் பக்கத்தில், தம்பியின் நாற்காலியைவிட அரையடி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் அதைப் பின்னால் தள்ளச் சொல்லவில்லை.

வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தபோது மாமா கையை உயர்த்தினார்.

"மாப்பிள்ளை," என்றார். அந்தச் சொல்லை அவர் செலோமிடம் சொன்னது அதுதான் முதல் முறை.

செலோம் எழுந்து நின்றான்.

"நாளைக்குப் புதன். வெளுக்கும்போது படகு இறங்குது. நாலு நாள். நடுவுல ஒரு இடம் காலியா வச்சிருக்கேன். வீட்டுக்குள்ள வந்தவனைக் கடலுக்குக் காட்டணும். அது எங்க வழக்கம்."

ஊர் ஆமோதித்து முழங்கியது. "கேட்டாக்காரனுக்கு யாரு கடலைக் காட்டணும்?" என்றாள் அப்லாவி. "மீன் இவனைப் பார்த்துப் பழகும்."

"வர்றேன் மாமா," என்றான் செலோம். பல் தெரியச் சிரித்தான்.

எகுவா மட்டும் சிரிக்கவில்லை. கடல் தெருவைக் கொண்டுபோன அன்று அவனுக்கு வயது ஏழு. அன்றிலிருந்து அவன் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. நீந்தத் தெரியாது. இந்தக் கூடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.